ஐம்பத்து மூன்று மாத்திரைகள்

“டப்பாவைக் கொடு.”

“கொடுத்துட்டேனே அக்கா.”

“மூடியையும் கொடு. மூடிக்குள்ள ரெண்டு ஒளிஞ்சிருக்கும், உன்னை மாதிரியே.”

பெயிண்டர் சிரித்துக்கொண்டே மூடியை நீட்டினான். அவன் விரல் நகங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது. அவள் மாத்திரைகளை நீலத் தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஓரமாகத் தள்ளி எண்ணினாள். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டே இரண்டு.

அந்தப் பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், இரண்டாம் மாடியில், பதினாலாம் நம்பர் அறை. கதவில் எண் மட்டும்தான். ‘எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் இடம்’ என்று எழுதி மாட்டினால் அந்தப் படியில் யார் கால் வைப்பார்கள்? மாதம் ஒருமுறை மருந்து வாங்க வருகிறவர்கள் போன மாத டப்பாவைக் கையோடு கொண்டுவர வேண்டும். எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் புது டப்பா. எண்ணுகிற வேலை அவளுடையது. வருகிறவர்கள் அவளை ‘டப்பா அக்கா’ என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

“முப்பது மாத்திரை, இருபத்தெட்டு நாள். ரெண்டு இருக்கணும். ரெண்டு இருக்கு.”

“அப்ப பாஸா?”

“ஃபெயில்.”

“என்னக்கா இது அநியாயம்!”

“ஏழு மாசமா உன் டப்பாவில ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு இருக்கும், நாலு இருக்கும். மனுஷன்னா ஒரு நாள் மறப்பான். ஒரு நாள் கை நழுவி கட்டிலுக்கு அடியில ஓடிடும். இந்த மாசம் மட்டும் தராசுல நிறுத்த மாதிரி இருக்கே. எங்க கொட்டின?”

பெயிண்டர் சுவரைப் பார்த்தான். தொழில்காரன், சுவரில் விரிசல் பார்க்கிறவன் போலவே பார்த்தான்.

“சொல்லு.”

“சாக்கடையில.”

“எத்தனை?”

“பன்னெண்டு. வெளியூர் வேலை அக்கா. ஒரே ரூம்ல ஆறு பேரு. எல்லார் முன்னாடியும் எப்படி எடுத்துப் போடறது?”

“கக்கூஸ் இல்லையா அந்த ஊர்ல? சரி, இதைக் கேளு. சுவத்துல பூஞ்சை பூத்திருக்கு. மருந்து அடிக்கப் போற. பாதி சுவத்துக்கு அடிச்சுட்டு மீதிக்குத் தண்ணி கலந்து தெளிச்சா என்ன ஆகும்?”

“திரும்ப வரும்.”

“எது திரும்ப வரும்? மருந்துக்குச் செத்தது வருமா? சாகாம தப்பிச்சதுதான் வரும். இந்தக் கிருமி உன் உடம்புல நிமிஷத்துக்கு நிமிஷம் குட்டி போடுது. ஒரு குட்டி மாதிரி இன்னொண்ணு இருக்காது, ஒவ்வொண்ணும் ஒரு கோணல். எந்தக் கோணலுக்கு மாத்திரை பிடிபடலையோ அது பிழைச்சுக்கும். அப்புறம் அதோட வம்சம்தான் உனக்குள்ள குடித்தனம் பண்ணும். நீ போடற மாத்திரை அதுக்கு மிட்டாய்.”

“பயமுறுத்தாதீங்க அக்கா.”

“பயப்படு. நான் பதினோரு வருஷமா போடறேன். ஒரு நாள் விட்டிருக்கேனா?”

இது அவள் தினமும் இருபது பேரிடமாவது சொல்வது. அவளும் அதே மருந்து சாப்பிடுகிறவள் என்பது அந்த அறைக்கு வரும் எல்லாருக்கும் தெரியும். அதற்காகத்தான் அவளை வேலைக்கு வைத்ததே. நோயில்லாதவர் சொன்னால் ஏறாதது அவள் சொன்னால் ஏறும் என்று. ஏறவும் செய்தது. பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே இல்லக்கா” என்றான். அவள் புது டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் கண் அவன் முகத்துக்குப் போகவில்லை.

“அக்கா, டாக்டர் கூப்பிடறாங்க” என்று நர்ஸ் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

*

டாக்டர் அவளுடைய மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

“உட்காருங்க அக்கா. கதவைச் சாத்திடுங்க.”

எத்தனையோ பேருக்காக அவளே அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். சாத்தச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

“உங்க ரத்தத்துல கிருமி அளவு ஏறியிருந்தது இல்லையா? ரெண்டாவது தடவை பார்த்தும் ஏறியிருந்தது. அதான் மாறியிருக்கான்னு பார்க்கப் பெரிய லேப்புக்கு அனுப்பினேன். வந்திடுச்சு.” டாக்டர் தாளை அவள் பக்கம் திருப்பினாள். “மூணு மருந்து சேர்ந்த மாத்திரை. அதுல ரெண்டு உங்களுக்கு இனி வேலை செய்யாது. கிருமி மாறிடுச்சு.”

“எப்படி டாக்டர்?”

“எப்படின்னு எனக்கே நீங்க பாடம் எடுப்பீங்க, நீங்க என்னைக் கேட்கறீங்க!” டாக்டர் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். “மாத்திரை விட்டுப்போச்சா அக்கா?”

“இல்ல டாக்டர்.”

“ஒரு வாரம், பத்து நாள்?”

“ஒரு நாளும் இல்ல. எண்ணிக்கை இருக்கே, பாருங்க.”

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு மாதமும், இருக்க வேண்டியது இரண்டு, இருப்பது இரண்டு. அவள் மாத்திரையை அவளே எண்ணி, அவள் கையாலேயே எழுதியது. பக்கத்தில் மருந்துக்காரர் கையெழுத்து. ‘நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்’ என்று தட்டைப் பார்க்காமலே போட்ட கையெழுத்து.

“வாந்தி, பேதி? வேற ஏதாவது மருந்து, லேகியம்?”

“இல்ல.”

“அப்ப ஒண்ணு யோசிக்கணும். மாத்திரை முழுசா உள்ள இருந்தா கிருமி நகல் எடுக்காது. நகல் எடுத்தாத்தானே எழுத்துப் பிழை வரும்? பிழை வந்தாத்தானே மாறும்? நீங்க ஒரு நாளும் விடலைன்னா இது உங்க உடம்புக்குள்ள மாறலை. மாறினதே வெளியில இருந்து உள்ள வந்திருக்கு.” பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். “தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வேற யாராவது...”

“ஐயோ டாக்டர்!”

“கேட்கறது என் வேலை. அப்ப, உங்க வீட்டுக்காரர்?”

அவள் மேசைமேல் இருந்த தாளை நேராக்கி வைத்தாள்.

“அவருக்குப் பரிசோதனை பண்ணி ஏழு மாசம் ஆச்சு. அப்ப நல்லாத்தான் இருந்தது. அப்புறம் என்னன்னு நமக்குத் தெரியாது. ஆணுறை எப்பவும் போடறீங்கதானே?”

“எப்பவும்னு சொல்ல முடியாது.”

அந்த அறையில் அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் போய்ப் புருஷன் தலையில்தான் விழுந்தது.

“சரி. நாளையிலிருந்து ஒரு வாரம் எனக்குப் பயிற்சி இருக்கு, நான் வர மாட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அவர்கிட்ட நான் பேசறேன். ஆம்பளைங்க பெண்டாட்டிகிட்ட சொல்லாததை டாக்டர்கிட்ட சொல்லுவாங்க.” டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். “உங்களுக்குப் போய் இப்படி ஆகணுமா அக்கா? எவ்வளவு ஒழுங்கா இருந்தீங்க!”

அந்தக் கை தோளில் இருக்கும்போதே அவள் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

*

ஐம்பத்து மூன்று.

சரியாக ஐம்பத்து மூன்று மாத்திரைகளை அவள் விழுங்கவில்லை. மற்றவர்களுக்கு எண்ணுகிறவளுக்குத் தன்னுடையது எண்ணத் தெரியாதா?

மருமகன் கப்பல் வேலைக்காரன். நாலு மாதத்துக்குக் கடலுக்குப் போனபோது மகள் தாய்வீட்டில் வந்து தங்கினாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே பேரும் கம்பெனியும் சொல்கிற பெண். அம்மா அப்பா இருவருக்குமே இந்த நோய் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கு ‘ஆஸ்பத்திரியில வேலை’ என்பது தெரியும், அதோடு சரி.

வீட்டில் இருப்பது ஓர் அறை, ஒரு கூடம். மகள் அம்மாவை ஒட்டித்தான் படுப்பாள். மாத்திரை போட வேண்டியது படுக்கப் போகும் நேரத்தில். போட்டால் தலை கிறுகிறுக்கும், காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பதினோரு வருஷம் ஆகியும் அது அவளை விடவில்லை. மகள் இரவு வேலைக்குப் போன வாரங்களில் போட்டாள். மகள் பக்கத்தில் படுத்த வாரங்களில் போடவில்லை. ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்லை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய டப்பா ஸ்பேனர் பெட்டிக்குள் இருக்கும், அவனுக்குக் கிறுகிறுப்பு கிடையாது, வேலை முடிந்து கிளம்பும்போது போட்டுக்கொள்வான். “உன்னோடதையும் குடு, என் பெட்டியில வச்சுக்கறேன். வீட்டுக்கு வந்ததும் கையில தர்றேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முழுங்கிடலாம்” என்றான். “ஊருக்கே சொல்லிக் கொடுக்கறவ நான். எனக்கு நீங்க சொல்லித் தரீங்களா?” என்றாள். அவன் விட்டுவிட்டான். ஆனால் தினமும் மகள் காதில் விழாமல், “போட்டாச்சா?” என்று கேட்பான். “ஆச்சு” என்பாள்.

மகள்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் கொண்டாள். ஆனால் இன்னொன்றும் இருந்தது. போடாத வாரங்களில் நன்றாகத் தூக்கம் வந்தது. காலையில் தலை லேசாக இருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு தன் கால் தன் பேச்சைக் கேட்டது. அது நன்றாக இருந்தது. அந்தச் சுகத்தைத்தான் அவளால் தனக்குத் தானே மன்னிக்க முடியவில்லை.

மிச்சமான மாத்திரைகளை அவள் சாக்கடையில் போடவில்லை. பதினாலாம் நம்பர் அறையில் காலாவதி மருந்து போடும் மஞ்சள் தொட்டி ஒன்று உண்டு. பூட்டிய தொட்டி. சாவி அவளிடம். மாதக் கடைசியில் பத்தும் பதினைந்துமாக அதில் போட்டுவிட்டு, தட்டில் இரண்டே இரண்டை வைத்து எண்ணி, ‘இரண்டு’ என்று எழுதினாள். பெயிண்டரைப் பிடித்த அதே ‘இரண்டு.’

மருமகன் வந்து மகளை அழைத்துப் போனபின் தினமும் ஒழுங்காகத்தான் போட்டாள். போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடப் பொய். சரியாகாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் அவள்.

*

அன்று சாயங்காலம் புருஷன் கிணறு தோண்டியவன் போல வந்து, சோப்புத்தூளைக் கையில் கொட்டி முழங்கைவரை கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ரிப்போர்ட் வந்துதா? என்ன சொன்னாங்க?”

“கிருமி மாறிடுச்சாம்.”

“மாறிடுச்சுன்னா?”

“மாத்திரைக்கு இனிமே அடங்காதாம். வேற மாத்திரை குடுப்பாங்களாம், ரெண்டு வேளை.”

“நீ ஒழுங்காத்தானே போட்ட?”

“ஆமா.”

“பின்னே எப்படி மாறும்?”

சொல்லியிருக்கலாம். தண்ணீர்ச் சத்தம்கூட நின்றிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவளிடம் ஒரு மேடை இருந்தது. அதிலிருந்து இறங்க அவளுக்குக் கால் வரவில்லை.

இந்த நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். வெளியூரில் ஆறு மாதம் லிஃப்ட் மாட்டும் வேலைக்குப் போன இடத்தில் வாங்கி வந்தது. தெரிந்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒன்றை விடாமல் சொல்லி அழுதான். அவள் அவனை விட்டுப் போகவில்லை. மருந்துக்கு அழைத்துப் போனாள், மகளிடம் மறைத்தாள், அவனோடு வாழ்ந்தாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் தப்புச் செய்தவன் அவன், பொறுத்துக்கொண்டவள் அவள். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

“வெளியில இருந்து வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க.”

“வெளியிலன்னா?”

அவனை ஏறிட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். பதினோரு வருஷத்துப் பார்வை அது. வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

“நானா?” என்றான்.

“நான் சொல்லலை. டாக்டர் கேட்கறாங்க. அடுத்த வாரம் வியாழக்கிழமை உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“நான் எங்கயும் போகலையே,” என்றான். மறுக்கிறவன் குரலாக இல்லை அது. அவளையே கேட்கிறவன் போல இருந்தது. கையில் நுரையோடு நின்றான். பிறகு திரும்பிக் குழாயைத் திறந்தான்.

அதன்பின் பத்து நாள்.

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் கூடத்தில் பாயை விரித்தான். சவரக் கத்தியை எடுத்துக் கொண்டுபோய் ஸ்பேனர் பெட்டியில் வைத்துக்கொண்டான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

நாலாம் நாள் கேட்டான். “ஏம்மா, காயம் வழியா வருமா இது?”

“வரும்.”

“எவ்வளவு காயம் இருக்கணும்?”

“ரத்தம் ரத்தத்தோட சேரணும். சும்மா கீறினதுக்கெல்லாம் வராது.”

“கீறலுக்கு வராதா? நிச்சயமா?”

“பெரும்பாலும் வராது. ஏன் கேட்கறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

ஏன் கேட்கிறான்? சட்டென்று அவளுக்கே ஒரு சந்தேகம் எழுந்தது. ஒருவேளை இவனிடம் நிஜமாகவே ஏதாவது இருக்குமோ? எதையோ மறைக்கிறானோ? அப்படி இருந்துவிட்டால்! ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் அதற்கு ஆசைப்பட்டாள். தான் ஆசைப்படுவது தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

ஏழாம் நாள் கூடத்துக்கு வந்து, “என்னங்க” என்றாள்.

“சொல்லு.”

“தலகாணி வேணுமா?”

“இருக்கு.”

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை அவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அந்த அறைக்கு அவன் மருந்து வாங்க வருவது எப்போதும் அவள் வேலை செய்யாத நாளில். அன்று அவளோடு வந்ததால், வரிசையில் இருந்தவர்கள், “அக்கா, அண்ணனா? எங்ககிட்ட காட்டவே இல்லையே! ஒளிச்சு வச்சிருந்தீங்களா?” என்று கேலி செய்தார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக்கொண்டு போனான்.

டாக்டர் அவனை எதிரே உட்கார வைத்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கிருமி எப்படி நகல் எடுக்கும், எப்படிப் பிழை விடும், எந்தப் பிழை பிழைத்துக்கொள்ளும். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கைகட்டிக் கேட்டான்.

“நீங்க மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

“போடறேன் டாக்டர். ஒரு தடவை மட்டும் லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, உள்ள மாட்டிக்கிட்டேன். பெட்டி வெளிய இருந்தது. ராத்திரி பதினோரு மணி ஆயிடுச்சு போட.”

“பரவாயில்ல. இப்ப நான் கேட்கறதுக்குக் கோபப்படாதீங்க. யாரையும் குத்தம் சொல்ல இல்ல, எந்த மருந்து குடுக்கறதுன்னு தெரியணும். உங்க மனைவி ஒரு நாளும் மாத்திரை விடலை. பதிவேடு சொல்லுது. நானும் சொல்வேன், இந்த ஆஸ்பத்திரியே சொல்லும். அப்ப, இது வேற யார்கிட்ட இருந்தோ உங்க மூலமா வந்திருக்க வாய்ப்பு இருக்கா?”

அவன் தொண்டையைச் செருமினான்.

“யோசிச்சுப் பார்த்தேன் டாக்டர். பத்து நாளா அதேதான் யோசிக்கறேன். எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல. ஆனா அவ ஒழுங்கா போட்டிருக்கா. நானே தினமும் கேட்பேன். அப்ப என் வழியாத்தான் வந்திருக்கணும். முதல் தடவையும் நான்தானே? என் மேலயே எழுதிக்குங்க. எப்படின்னு மட்டும் எனக்கு...”

“நான் போடலை.”

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அக்கா?”

“நான் மாத்திரை போடலை டாக்டர். ஐம்பத்து மூணு நாள். என் பொண்ணு வீட்டுல இருந்தப்ப ஒரு வாரம் போட்டேன், ஒரு வாரம் விட்டேன்.”

“எண்ணிக்கை...”

“மஞ்சள் தொட்டியில போட்டேன். சாவி என்கிட்ட இருக்கில்ல? போட்டுட்டு ரெண்டுன்னு எழுதினேன். அவருக்கு ஒண்ணும் இல்ல. அவர் எங்கயும் போகலை. மாறினது எனக்குள்ளதான் மாறியிருக்கு. நான்தான் மாற விட்டேன்.”

டாக்டர் பதிவேட்டை மூடித் தள்ளி வைத்தாள். பேசியபோது குரலில் அந்தப் பழைய ‘அக்கா’ இல்லை.

“ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் விட்டதுக்கு, மொத்தமா விட்டிருந்தாக்கூட இவ்வளவு சேதம் இல்லை. மூணு மருந்துல ரெண்டு சீக்கிரம் கரைஞ்சு போயிடும். ஒண்ணு மட்டும் தனியா நாள் கணக்கா ரத்தத்துல நிக்கும். தனியா நிக்கறதை ஏமாத்த கிருமிக்கு எத்தனை பிழை வேணும்? ஒரே ஒரு பிழை. அந்த ஒண்ணுக்கு நீங்க திரும்பத் திரும்ப இடம் குடுத்திருக்கீங்க. இது உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்.”

“போன தடவை கேட்டேனே. இதே நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க.”

“ஆமா.”

“உங்க மருந்தை நான் மாத்திக் குடுத்துடுவேன். அது எனக்குப் பெரிசில்ல.” டாக்டர் அவன் பக்கம் திரும்பினாள். “உங்க ரத்தத்தை இப்பவே எடுக்கணும். இவங்ககிட்ட மாறின கிருமி உங்களுக்கு வந்திருக்கலாம். நீங்களும் அதே மாத்திரைதான் சாப்பிடறீங்க. அந்த மாத்திரைக்கு அது அடங்காது. பத்து நாள் முன்னாடியே எடுத்திருக்கணும். நாம எதிர்ப்பக்கம் தேடிக்கிட்டு இருந்தோம்.”

எதிர்ப்பக்கம். பத்து நாளாக அவன் செய்ததாகச் சொல்லப்பட்டதை, அவனுக்கு அவள் செய்திருக்கலாம். இந்தக் கோணத்தில் அவள் நினைத்தே பார்க்கவில்லை. தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில், ஊருக்கெல்லாம் அவள் சொல்லும் முதல் பாடம், மாத்திரை விட்டால் கூட வாழ்கிறவருக்கும் போகும் என்பது, மறந்துபோயிருந்தது.

“மேசைச் சாவியையும் தொட்டிச் சாவியையும் மருந்துக்காரர்கிட்ட குடுத்துடுங்க,” என்றாள் டாக்டர். “இன்னைக்கே. மேல எழுதித்தான் ஆகணும், எனக்கு வேற வழி இல்ல.”

“சரி டாக்டர்.”

*

ரத்தம் எடுக்கும் அறை கீழ்த்தளத்தில். அவன் இரண்டு படி முன்னால் இறங்கினான்.

“என்னங்க.”

அவன் இன்னும் ஒரு படி இறங்கினான்.

“என்னங்க, ஏதாவது திட்டுங்களேன்.”

அவன் நின்றான். திரும்பவில்லை. “தினமும் கேட்டேனே,” என்றான். “ஒரு நாள் ‘போடலை’ன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? தண்ணி கொண்டுவந்து குடுத்திருப்பேன்.”

மறுபடி இறங்கினான்.

ரத்தம் எடுக்கும் அம்மா அவளுக்கு இருபது வருஷம் மூத்தவள் போல நடந்துகொள்வாள், வயது என்னவோ ஒன்றுதான். “வாங்க டப்பா! என்ன என் பக்கம் காத்து அடிக்குது? அண்ணனுக்கா? ஏழு மாசம் முன்னாடி எடுத்தப்ப நல்லா இருந்துதே, திடீர்னு என்ன?”

பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளிடம் மாத்திரை எண்ணக் கொடுக்கிறவர்கள், திட்டு வாங்கியவர்கள். அவன் ஏதோ சொல்லி மழுப்பப் போனான்.

“என்னாலதான்,” என்றாள் அவள். “நான் மாத்திரை விட்டுட்டேன். அவருக்கு வந்திருக்கான்னு பார்க்கணும்.”

பெஞ்சில் பேச்சு நின்றது. ரத்தம் எடுக்கும் அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு, “உட்காருங்க அண்ணா. சட்டையை மேல சுருட்டுங்க,” என்றாள்.

இஸ்திரி முறுக்கில் கை சுருளவில்லை. அவன் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். நீட்டியபோது பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. அவள் எடுத்தாள். லிஃப்ட் பழுது பார்த்தால் கையெழுத்து வாங்குகிற சீட்டு. பின்பக்கம் அவன் எழுத்து.

‘முடி வெட்டற கடை. காதுகிட்ட பிளேடு பட்டது. புது பிளேடான்னு பாக்கல.

பல் பிடுங்கினது. கழுவின குறடா தெரியாது.

ஆறாம் மாடி லிஃப்ட். கூட வேலை பாக்கறவன் கை கிழிஞ்சு ரத்தம். நான்தான் துணி கட்டினேன். அப்ப என் கையில காயம் இருந்துதா? ஞாபகம் இல்ல.

வெளியூர் வேலை மூணு நாள். தனியாத்தான் இருந்தேன்.

எனக்கே தெரியாம ஏதாவது.’

கடைசி வரிக்குக் கீழே பேனாவை வைத்து வைத்து எடுத்த புள்ளிகள் இருந்தன.

“என்னங்க இது?”

“டாக்டர் கேட்டா சொல்லணுமேன்னு எழுதி வச்சேன். நேர்ல கேட்டா எனக்கு மறந்துடும்.” அவன் கையை மேசைமேல் நீட்டி முஷ்டியை இறுக்கினான். ஊசி இறங்கியது. “படிச்சியா?”

“படிச்சேன்.”

“நாலாவது வரி?”

“படிச்சேன்.”

“அதையாவது நம்பு,” என்றான். அவளைப் பார்க்காமல், குழாய்க்குள் ஏறும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு.